இரண்டு விரல் இடைவெளி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தொப்பூர் வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். வந்தால் வரட்டும். அன்றைக்கு அது வந்ததால்தான் ஒரு கல்யாணக் கூட்டம் முழுசாகச் சேலம் போய்ச் சேர்ந்தது. பஸ் ஓட்டின என் தம்பி முனிராஜும் முழுசாகத் திரும்பி வந்தான். இதை எனக்காக வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தருமபுரியிலிருந்து சேலம் போகிற ரோடு கணவாயில் இறங்கத் தொடங்குகிற மேட்டில் என் பஞ்சர் கடை இருந்தது. நாலு மூங்கில், மேலே கீற்று, உள்ளே ரப்பரை வேகவைத்து ஒட்டுகிற இரும்புப் பெட்டி ஒன்று. அவ்வளவுதான் கடை. என் வீட்டுக்காரர் சென்னப்பன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேராக நடத்தியதை நான் ஒருத்தியாக நடத்தினேன். பொம்பளை ஒட்டின டியூப் கணவாய் தாங்குமா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. புது டயர் கண்ணால் பார்க்கவும் கிடைக்காமல் போனதும் அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

கடை நின்ற இடம் பஸ் முதலாளி நஞ்சப்பனுடையது. அவருக்கு மூன்று பஸ். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்பதால் மூன்றும் கரியில் ஓடின. பின்பக்கம் ஆள் உயர இரும்பு அடுப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு வரும். அதில் ஒன்றை முனிராஜ் ஓட்டினான். என் தம்பி நல்ல டிரைவர். கணவாயின் ஒவ்வொரு வளைவும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் முதலாளியைக் கண்டால் மட்டும் அவன் சரிங்க என்பதைத் தவிர வேறு பேசமாட்டான். அந்தக் குணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அந்தத் தை மாசம் நஞ்சப்பன் பெங்களூர்ப் பக்கம் போய், பட்டாளத்தார் கழித்துப்போட்ட லாரியிலிருந்து இரண்டு சக்கரம் டயரோடு வாங்கிவந்தார். பஸ்ஸின் பின்பக்கம் ஒவ்வொரு புறமும் இரட்டைச் சக்கரம் இருக்கும் இல்லையா, அதில் வெளிச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். கழற்றிய பழைய சக்கரங்கள் இரண்டும் என் கடைக்கு வந்தன. டயர் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. ஒட்டிவை, எதற்காவது ஆகும் என்று சொல்லியனுப்பியிருந்தார். தருமபுரி முழுக்க அவர் பட்டாளச் சக்கரத்தின் பெருமையைத்தான் பேசிக்கொண்டு திரிந்தார் என்று கேள்விப்பட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். கடத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் சேலத்துக்குப் பெண் வீட்டுக்குப் போகிறார்கள், மறுநாள் காலையில் முகூர்த்தம். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூரை மேல் அண்டா, குண்டான், அரிசி மூட்டை, சீர்த்தட்டு. பஸ் மேட்டுக்கு வந்து சேரும்போதே இடது பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. பின்பக்க இடது வெளிச்சக்கரம் காற்றில்லாமல் கிடந்தது.

எங்கள் மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கணவாய் இறங்குமுன்னும் ஏறிவந்த பின்னும் எந்த வண்டியும் முனியப்பன் கோயில் முன்னால் நிற்கும். வண்டியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் இறங்கிவிடுவார்கள். முனியப்பன் நின்றுகொண்டிருக்கும்போது மனுஷர் உட்கார்ந்திருக்கக்கூடாது என்பது கணக்கு. பூசாரி பொன்னன் காலி வண்டிக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். அன்றைக்கும் எல்லோரும் இறங்கிக் கோயிலுக்குப் போனார்கள். முனிராஜ் அந்தச் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, சீக்கிரம் ஒட்டிக் குடு. பின்னாலயே மொதலாளி கார்ல வந்துட்டிருக்காரு."

டயரைப் பிரிக்கத் தொட்டேன், கை சுட்டது. வெயிலில் ஓடிவந்த சூடு எனக்குத் தெரியாதா? அது ரோட்டில் படுகிற இடத்தில் இருக்கும். இது டயரின் பக்கவாட்டில், அதுவும் உள்பக்கத்தில் சுட்டது. திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு ரப்பர் வழவழவென்று தேய்ந்து, கறுப்பு மாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. டயரைப் பிரித்தேன். டியூப் மட்டும் பஸ்ஸின் பழசு, அதில் நான் முன்பே போட்டிருந்த ஒட்டு வெந்து உரிந்திருந்தது.

வெளிப்பக்கம் தேய்ந்தால் கல்லில் உரசியது என்று சொல்லலாம். உள்பக்கத்தில் எந்தக் கல் போய் உரசும்? அந்தப் பக்கத்தில் இருப்பது இன்னொரு டயர்தான். எழுந்துபோய் வண்டியில் இருந்த உள்சக்கரத்தைத் தடவினேன். அதுவும் அதே இடத்தில் அதே மாதிரி தேய்ந்திருந்தது.

"டேய், ரெண்டு டயரும் ஒண்ணோட ஒண்ணு ஒரசிக்கிட்டே வந்திருக்குதுடா."

"அதெப்பிடிக்கா? ஆறு ஓட்டையும் அச்சா உக்காந்துச்சு. நட்டு கையாலயே ஏறுச்சு. மாட்டும்போது நான்தான் இருந்தேன், நடுவால ரெண்டு வெரல் தாராளமா போச்சு."

"ஓட்டை உக்காந்துட்டா சக்கரம் உக்காந்துடுச்சா?"

ஒரு மூங்கில் குச்சியை எடுத்துப் பழைய சக்கரத்தின் விளிம்புக்கு விளிம்பு குறுக்கே வைத்தேன். குச்சியிலிருந்து நட்டு போடுகிற நடுத்தட்டு வரைக்கும் எத்தனை ஆழம் என்று விரல் வைத்து அளந்தேன். எட்டு விரல். அதே குச்சியைப் பட்டாளச் சக்கரத்தில் வைத்தேன். ஆறு விரல்.

அவன் விழித்தான். விரல் கணக்குப் பிடிபடாதவனுக்கு எப்படிச் சொல்வது? சோறு போடுகிற வட்டில் இரண்டை எடுத்துவந்து முதுகோடு முதுகு ஒட்டிக் காட்டினேன். குழியான வட்டில்கள் என்பதால் விளிம்புகள் எட்டி நின்றன. ஒன்றை எடுத்துவிட்டுக் குழி குறைந்த தட்டை வைத்தேன். முதுகு அதே மாதிரிதான் ஒட்டியது, விளிம்பு மட்டும் நெருங்கிவிட்டது.

"அந்த லாரிக்கு இந்தக் குழி சரி. அதோட அச்சு வேற, அதுல பக்கத்துல மாட்டற சக்கரமும் வேற. ஒன் பஸ்ஸுக்கு ரெண்டு வெரல் பத்தாது. மின்ன நாலு வெரல் இருந்த எடம் இப்ப ரெண்டு வெரல்."

"ரெண்டு வெரல் இருக்குதே அக்கா."

"காலி வண்டில இருக்குது. ஆள் ஏறினா டயர் அடில பிதுங்குமா பிதுங்காதா? இத்தன நாளு ஆளும் சொமையும் கொறச்சலு, தப்பிச்சே. இன்னைக்கி நாப்பது பேரு, கூரை மேல மூட்டை, பின்னால அந்தக் கரி அடுப்பு. ரெண்டு டயரும் பிதுங்கி ஒட்டிக்கிச்சு. இங்க வரைக்கும் மேட்டு ரோடு, மெதுவா வந்தே, ஒட்டு மட்டும் போச்சு. கணவாய்ல பிரேக்குச் சூடும் சேந்துச்சுன்னா ரெண்டும் ஒண்ணா வெடிக்கும். எந்த வளைவுல வெடிக்கும்னு நீயே சொல்லு."

முனிராஜ் குச்சியை வாங்கித் தானே வைத்துப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவன் சொன்னது இது:

"மொதலாளி கேக்க மாட்டாருக்கா. நீ ஒட்டிக் குடுத்துடு. நான் மெதுவா எறக்கிடறேன்."

கூடப் பிறந்தவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், ஒரு ஆளிடம் வாயைத் திறக்கப் பயந்து சாகப்போகிறேன் என்கிறான். டியூபை ஒட்டினேன். ஒட்டவில்லை என்ற பேர் எனக்கு வேண்டாம். டயருக்குள் போட்டுக் காற்றடித்தேன். சக்கரத்தைப் படுக்கப்போட்டு அதன் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"போயி ஒங்க மொதலாளிய வரச் சொல்லு. அது வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

நஞ்சப்பன் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு வேண்டியவர்கள், கல்யாணத்துக்குத்தான் அவரும் தன் காரில் கிளம்பியிருந்தார். பட்டுவேட்டி, ஜவ்வாது வாசனை. பருத்த ஆள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னாம்மா தீர்த்தம்மா, டயர் மேல உக்காந்து முட்டை வெக்கறியா?"

"முட்டை வெக்கிறது கோழிங்க. நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

சொன்னேன். குச்சியையும் வட்டிலையும் காட்டினேன். பாதியிலேயே அவர் கையை வீசினார்.

"பட்டாளத்து சக்கரம் அம்மா இது. பீரங்கி இழுத்த சக்கரம். இத நீ சோத்து வட்டில வெச்சு அளக்கறியா? ஒன் ஒட்டு விட்டுடுச்சு, அத மறைக்க இந்தக் கதையெல்லாம்."

"என் ஒட்டு சூடு தாங்காம வெந்துச்சு. சூடு எங்கருந்து வந்துச்சு?"

"இந்தாம்மா, எடம் என்னோடது. பேசாம எந்திரி. இல்ல, வெள்ளிக்கெழமக்குள்ள கொட்டாயப் பிரிச்சுக்க."

அதற்குள் கல்யாணக் கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துத் தள்ள அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை, அது அவருக்கும் தெரியும்.

"சரிங்க மொதலாளி," என்றேன். "சக்கரத்தத் தரேன், மாட்டட்டும். ஆளுங்க எல்லாம் ஏறி உக்காரட்டும். நடுவால இடைவெளி இருந்துச்சுன்னா, வெள்ளிக்கெழம எதுக்கு, இன்னைக்கே பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போறேன். இந்த ரோட்டுல எம் மூஞ்சியப் பாக்க மாட்டீங்க."

அத்தனை பேர் முன்னால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பாக்கலாம் என்றார். பத்து நாளாக அவர் சக்கரத்தைப் பார்த்ததெல்லாம் காலி வண்டியில்தான். ராத்திரி கொட்டகையில் காலி, கோயில் முன்னால் காலி. எப்போது பார்த்தாலும் இரண்டு விரல் இருந்தது. அந்தத் தைரியம் அவருக்கு.

முனிராஜ் சக்கரத்தை மாட்டினான். பூசாரி பொன்னன் வழக்கம்போல் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அவர் கையிலிருந்து சின்னதாக ஒரு பழத்தை வாங்கினேன்.

"தீர்த்தம்மா, அது சக்கரத்துக்கு அடில வெக்கிறது," என்றார்.

"இன்னைக்கி நடுவால வெக்கிறேன், சாமி கோவிச்சுக்காது."

தரைக்கு ஒரு சாண் மேலே, இரண்டு டயருக்கும் நடுவே பழத்தைச் செருகினேன். இரு பக்கமும் லேசாகத் தொட்டுக்கொண்டு விழாமல் நின்றது. நஞ்சப்பன் குனிந்து பார்த்துவிட்டு எல்லோரையும் பார்த்து, "பழமே நிக்கிற அளவுக்கு எடம் இருக்குது," என்றார். சிலர் சிரித்தார்கள்.

"இப்ப எல்லாரும் ஏறுங்க."

யாரும் ஏறவில்லை. பொன்னன் பூசை முடிக்கவில்லை, முனியப்பன் முன்னால் எப்படி உட்காருவது என்று தயங்கினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷமாக இந்த மேட்டில் ஆள் நிறைந்த வண்டியின் சக்கரத்தை ஒருத்தரும் பார்த்ததே இல்லை. பொன்னனைப் பார்த்தேன். அவர் கற்பூரத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏறுங்க. குத்தம் வந்தா எம் மேல வரட்டும்," என்றார். அந்த மனுஷனுக்கு அதற்காக நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

ஏறினார்கள். பத்துப் பேர் ஏறியதும் பழம் இறுகியது. இருபது பேரில் கொழுக்கட்டை மாதிரி நீண்டது. மாப்பிள்ளையின் அம்மா பெரியம்மாள் கடைசியாக ஏறினாள். பழம் தட்டையாகி, ஓரத்தில் நீர் கோத்தது. பஸ் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கீழே நின்ற பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒடையலயே," என்றார் நஞ்சப்பன்.

"நீங்க ஏறலயே."

ரோஷக்காரர்தான். பின்பக்கப் படியில் கால் வைத்து ஏறி உள்ளே நின்றார். சளக் என்று சத்தம் கேட்டது. பழம் பிளந்து சாறு டயரின் மேல் வழிந்து மண்ணில் சொட்டியது. விதை ஒன்று தெறித்து என் கால் மேல் விழுந்தது. நான் ஒரு காகிதத் துண்டை எடுத்து இரண்டு டயருக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

நஞ்சப்பன் ஜன்னலில் குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒப்புக்கொள்கிற ஆளா அவர்?

"ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கிச்சுன்னு கல்யாணம் நிக்குமா? முனிராஜு, வண்டிய எடு."

என் தம்பி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் கை சாவியில் இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, நேராக ரோட்டைப் பார்த்தான். அந்த ஒரு நொடி என் உயிர் என்னிடம் இல்லை. அவன் ஓட்டினால் ஓட்டியதுதான். சக்கரத்துக்கு முன்னால் நான் படுத்துக்கொள்ளலாம், ஆனால் எத்தனை நாள் படுப்பேன்?

எனக்கு ஒன்று தோன்றியது. படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"எடுக்கட்டுங்க மொதலாளி. நான் குறுக்க நிக்கல. ஆனா நீங்க எறங்காதீங்க. அப்பிடியே நின்னு சேலம் வரைக்கும் இந்த வண்டியிலயே வாங்க. ஒங்க கார் காலியா பின்னால வரட்டும்."

நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காரைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பி, கணவாய் இறங்குகிற பக்கம் பார்த்தார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு கார்ல வேலை இருக்குது," என்று முணுமுணுத்தபடி படியில் இறங்கினார்.

அவர் கால் தரையில் பட்டதும் பெரியம்மாள் எழுந்தாள்.

"எறங்குங்கடி எல்லாரும். வண்டிக்காரரே எறங்கிட்டாரு, நமக்கென்ன வேண்டுதலா? எம் மவன் தாலி கட்டணும்."

ஒருத்தர் பின் ஒருத்தராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவன் முனிராஜ். நேராகப் பின்பக்கம் போய் ஜாக்கியை எடுத்துப் போட்டான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"என்னாடா பண்றே?" என்றார் நஞ்சப்பன்.

"பழைய சக்கரம் அக்காகிட்ட கெடக்குதுங்க. டயரு மொட்டதான், ஆனா அளவு இந்த வண்டி அளவு. மாட்டிக்கிட்டு மெதுவா எறக்கறேன்."

"நான் சொல்லாம கைய வெச்சீன்னா நாளைக்கி நீ என் வண்டில இல்ல."

"நாளைக்கி இல்லீங்க மொதலாளி. இன்னைக்கி நான்தான் டிரைவரு," என்று சொல்லிவிட்டு நட்டைச் சுழற்றத் தொடங்கினான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் பழைய சக்கரம் ஏறியது. ஆளை ஏற்றி, நாலு விரலில் இரண்டு விரல் இடைவெளி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விட்டேன். பொழுது சாயுமுன் பஸ் கணவாய் இறங்கிவிட்டது. மேட்டிலிருந்து பார்த்தால் கடைசி வளைவு தெரியும். அதை அவன் தாண்டுகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு கொட்டாயைப் பிரித்தேன். நான் தோற்கவில்லை, போகவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை என்று ஒருத்தர் கெடு வைத்த இடத்தில் அதற்குப் பிறகு ஒரு ராத்திரி தூங்க எனக்கு மனசில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புறம்போக்கு. நாலு மூங்கிலும் பெட்டியும் அங்கே போய்ச் சேர்ந்தன, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கல்யாணக் கூட்டம் திரும்பி வந்தது. முனிராஜ்தான் ஓட்டிவந்தான். வண்டியைத் தருமபுரியில் ஒப்படைத்துவிட்டால் அவனுக்கு அங்கே வேலை முடிந்தது. இந்த முறை பொண்ணும் இருந்தாள், மஞ்சள் கயிறு கழுத்தில் புதுசாக. பின்னால் நஞ்சப்பனின் கார். பஸ் முனியப்பன் முன்னால் நின்றது. வழக்கப்படி இறங்க எழுந்தவர்களைப் பெரியம்மாள் கையைக் காட்டி உட்காரவைத்தாள்.

"யாரும் எறங்காதீங்க. மொதல்ல தீர்த்தம்மா சக்கரத்தப் பாக்கட்டும்."

நான் ரோட்டைக் கடந்து போய்க் குனிந்து, இரண்டு பக்கமும் டயருக்கு நடுவே விரல்களைச் செருகினேன். கார் பின்னால் நின்றுகொண்டே இருந்தது. முன்னால் பஸ் நகராமல் அதற்கு வழியில்லை. நான் அவசரப்படவில்லை. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று ஒவ்வொரு டயராகத் தடவிப் பார்த்தேன். எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, காரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆள் நெறஞ்சும் ரெண்டு வெரல் இருக்குதுங்க மொதலாளி. போவலாம்."